ஆகாயமா, சாலையா?

பள்ளிக்கூடப் பரீட்சைகள் முடிந்து, கத்திரி வெயில் தலைகாட்டும் நாட்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஒரு பெரிய விவாதம் ஆரம்பமாகிறது. சட்டசபையைப் போல் இதற்குச் சபாநாயகர் கிடையாது. ஆகையால் ஒரே சமயத்தில் நாலு பேர் பேசுவார்கள். (சபாநாயகர் இருக்கும் இடத்தில் மட்டும் என்ன வாழ்கிறது என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். அது வேறு சமாசாரம்.) சென்னையிலிருந்து உதகமண்டலத்துக்குப் போவது என்ற வரையில் எல்லாருக்கும் சம்மதம்தான். எப்படிப் போவது என்பதில்தான் தகராறு. கோயமுத்தூர் வரையில் ஆகாய விமானத்தில் பறந்து, அங்கிருந்து வாடகை மோட்டாரில் மலை ஏறுவதா? அல்லது வாசலில் நிற்கும் சொந்த மோட்டாரிலேயே முழுத் தூரமும் போய்விடுவதா?

இப்படி ஒரு கேள்வி எழுந்ததே நம் தேசத்துக்குப் பெருமை தருவதாகும். 1932-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சின்னஞ்சிறு விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்தார். பம்பாயிலிருந்து அவருடைய சகா நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை ஓட்டி வந்தார். அதில் ஏறி வந்தவை தபால் மூட்டைகள்தான். மனிதர்கள் ஏறும் காலம் வந்த பிறகும் வெகுகாலம் வரையில் விமானம் என்பது மந்திரிகளுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும் ஏற்பட்ட வாகனமாகவே இருந்தது. ராணுவத்திலிருந்து விலகி விவசாயம் செய்துகொண்டிருந்த காப்டன் கோபிநாத் 2003-இல் குறைந்த கட்டண விமானக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்த பிறகுதான், குமாஸ்தாவும் உபாத்தியாயரும் ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காமல், டிக்கட் விலையையும் விசாரிக்கத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரக் கவர்னர்கள் கோடைதோறும் சர்க்கார் முழுவதையுமே மூட்டை கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து உதகைக்குப் போனது உண்டு. இன்று நாம் பாட்டியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துப் போவதற்கே இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு மூட்டை தூக்க ஆள் இருந்தது, செலவும் நம்முடையது!

ரயிலை மறந்துவிட்டோமே என்று நேயர்கள் கேட்கலாம். மறக்கவில்லை. இரவில் சென்டிரல் ஸ்டேஷனில் ஏறிப் படுத்தால் விடியும்போது மேட்டுப்பாளையம். அங்கிருந்து பல் சக்கரம் பிடித்து ஏறும் மலை ரயில். அந்த ரயில் 1899-இல் குன்னூரையும், 1908-இல் உதகையையும் எட்டியது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவிலும் இடம் பெற்றது. இதைவிட உத்தமமான மார்க்கம் நமக்குத் தெரியாது. ஆனால் 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறக்கிறார்கள். கோடை விடுமுறைக் காலத்தில் திறந்த கதவு மூடுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. டிக்கட் கிடைத்த பாக்கியசாலிகள் இந்தக் கட்டுரையை மேலே படிக்கவேண்டிய அவசியமே இல்லை. கிடைக்காதவர்கள்தான் நம் வாசகர்கள்.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். “விமானத்தில் ஒரு மணி பத்து நிமிஷம், மோட்டாரில் பன்னிரண்டு மணி” என்று விமானக் கட்சிக்காரர்கள் முழங்குவார்கள். இந்த ஒரு மணி பத்து நிமிஷம் என்பது சக்கரம் தரையை விட்டு எழும்பியது முதல் மறுபடியும் தரையைத் தொடும் வரையில் உள்ள கணக்கு. குடும்பம் வீட்டு வாசலில் எழும்புகிறதே, அந்தக் கணக்கு வேறு. மீனம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி. இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும் என்பது கம்பெனிகளின் கட்டளை. கோயமுத்தூரில் இறங்கிப் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வர அரை மணி. பீளமேட்டிலிருந்து உதகை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அதில் சரிபாதி மலைப் பாதையானதால் மூன்று மணிக்குக் குறையாது. எல்லாவற்றையும் கூட்டினால் ஏழரை, எட்டு மணி ஆகிவிடுகிறது. சாலையில் சென்னைக்கும் உதகைக்கும் சுமார் 550 கிலோமீட்டர். சாப்பாடு, சிரமபரிகாரம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி. ஆக, விமானத்தினால் மிச்சமாவது நாலு மணிதான்.

அடுத்தது பணம். விமானக் கட்டணம் என்பது கொத்தமல்லிக் கட்டின் விலையைப் போல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கணக்குக்காக ஒரு டிக்கட் ரூ. 4,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்கும் தனி டிக்கட் உண்டு. ஆகையால் ஐந்து பேருக்குப் போக வர ரூ. 40,000. மலை ஏறி இறங்கவும் மூன்று நாள் ஊர் சுற்றவும் வாடகை வண்டிக்கு ரூ. 15,000 என்றால் மொத்தம் ரூ. 55,000. சொந்த மோட்டாரிலோ, சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்து 1,300 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்கு ரூ. 8,700, சுங்கச் சாவடிகளுக்கு ஓர் இரண்டாயிரம். பதினோராயிரத்துக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. வீட்டில் ஒரே ஒருவர் சம்பாதிக்கும் குடும்பத்தில் இந்த வித்தியாசம், குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளத்தில் ஒரு தவணை. “கொஞ்சம் கூடக் கொடுத்தால் என்ன?” என்று அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது.

இவ்வளவு தூரத்துக்கு வந்தவுடன் பெரும்பாலான வீடுகளில் மோட்டார்க் கட்சி ஜயித்துவிடுகிறது. அந்தக் கட்சியில் நமக்கும் ஓரளவு சாய்வு உண்டு. அதற்குக் காரணம் பணம் மட்டும் அன்று.

தென் ஆப்பிரிக்காவிலிருந்து 1915-இல் திரும்பி வந்த காந்தி மகாத்மா, கோகலேயின் புத்திமதிப்படி முதலில் தேசத்தைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு ரயில் வண்டியில் ஜனங்களோடு ஜனங்களாக இடிபட்டுக்கொண்டு பார்த்தார். நம் குழந்தைகளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். ஆனாலும், சொந்த நாடு எப்படி இருக்கிறது என்பதை ஒரு முறையாவது கண்ணால் பார்க்கட்டுமே! பத்தாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தமிழ்நாடு பழுப்பு நிறத்தில் ஒரு சமுக்காளம் விரித்தாற்போல் தெரியும். அதுவும் ஜன்னலோரத்து ஆசனத்துக்குத் தனிப் பணம் கட்டியிருந்தால்.

சாலையோடு போகிறவர்கள் என்னென்ன பார்க்கிறார்கள்? செங்கற்பட்டைத் தாண்டிச் சற்று நேரத்தில் மதுராந்தகம் ஏரி. மழைக்காலத்தில் உடைப்பு எடுக்க இருந்த கரையை ராமரும் லட்சுமணரும் காவல் காத்ததை லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் துரை கண்டார் என்பது அங்குள்ள ஐதிகம். அதனால்தான் அந்த ஊர்ப் பெருமாளுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சிச் சாலையை விட்டுப் பிரிந்து கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் போகும்போது, கல்வராயன் மலைகள் ஒரு பக்கம் கூடவே வரும். சேலத்துக்கு மேற்கே சங்ககிரி. அங்கே தலை நிமிர்ந்து நிற்கும் மலைக்கோட்டையில்தான் 1805-இல் தீரன் சின்னமலையைக் கும்பினியார் தூக்கிலிட்டார்கள். சரித்திரப் புத்தகத்தில் இரண்டு வரியாக வந்து பரீட்சையோடு மறந்துபோகும் அந்த விஷயம், அந்தப் பாறையைப் பார்த்த குழந்தைக்கு மறக்காது. பிறகு காவிரிப் பாலம். சற்றே விலகினால் பவானியும் காவிரியும் கூடும் கூடுதுறை. ஜமக்காளத்துக்குப் பேர்போன பவானி ஊர். அப்பால் அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரமூர்த்தி நாயனார் பாடி மீட்ட கதையைப் பாட்டிமார்கள் சொல்ல வேண்டிய இடம் அது. அவிநாசியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க திருப்பூரில்தான் 1932 ஜனவரியில் குமரன் கொடியை விடாமல் அடிபட்டு உயிர் நீத்தான்.

(குழந்தைகள் இதையெல்லாம் பார்க்காமல் வழி நெடுகச் செல்போனையே பார்த்துக்கொண்டு வருவார்களானால், அவர்களை விமானத்தில் அழைத்துப் போனாலும் ஒன்றுதான், மூட்டையில் கட்டிப் போனாலும் ஒன்றுதான்.)

இனி, ஆண்பிள்ளைகள் யோசிக்காத ஒரு விஷயம். நெடுஞ்சாலையில் பெண்கள் ஒதுங்குவதற்குச் சுத்தமான இடம் எங்கே இருக்கிறது? சுங்கச் சாவடிகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் கழிப்பிடங்கள் இருக்கின்றன. இருப்பதற்கும் உபயோகிக்கத் தக்கதாய் இருப்பதற்கும் பல இடங்களில் வெகு தூரம். இதன் பலன் என்னவென்றால், பல வீடுகளில் பாட்டி புறப்படும் தினத்தன்று காலை முதல் தண்ணீரே குடிப்பதில்லை. “தாகமே இல்லையப்பா” என்று சொல்லிவிடுவாள். மே மாதத்து வெயிலில் எழுபது வயது உடம்பு பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை வைத்தியரைக் கேட்டால் தெரியும். விமான நிலையத்தில் இந்தச் சங்கடம் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லி வைத்தால் சக்கர நாற்காலியும், அதைத் தள்ளிச் செல்ல ஆளும் கொடுக்கிறார்கள். பாட்டியின் முழங்காலும் மூத்திரப் பையும் ஓட்டுப் போடுவதாயிருந்தால், இரண்டு ஓட்டும் விமானத்துக்கே.

ஆனால் பாட்டி விமானத்துக்குப் பயப்படுகிறாள். 2025 ஜூன் 12-ஆந் தேதி அகமதாபாத்தில் விமானம் எழும்பிய சில விநாடிகளில் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் மாண்டுபோன செய்தியை அவள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். அந்தப் பயத்தைப் பரிகாசம் செய்யக் கூடாது. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு தொகையை வைத்துப் பார்க்க வேண்டும். 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவின் சாலைகளில் விபத்தினால் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருஷம் 17,884 பேர். விமானம் விழுந்தால் உலகம் முழுவதும் செய்தி. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே ஒரு மோட்டார், விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்புறத்தில் மோதினால், ஐந்தாம் பக்கத்தில் நாலு வரி.

இங்கேதான் நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்த நாலு வரிச் செய்திகளைக் கொஞ்சம் உற்றுப் படித்துப் பாருங்கள். “குடும்பத்துடன் சுற்றுலா சென்றபோது” என்று இருக்கும். “அதிகாலை” என்றும் பெரும்பாலும் இருக்கும். இது ஏன்?

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரையில் காரியாலயத்தில் வேலை செய்துவிட்டுத் தகப்பனார் வீட்டுக்கு வருகிறார். குளித்துச் சாப்பிட்டு, பெட்டிகளை ஏற்றி, இரவு பத்து மணிக்கு வண்டியைக் கிளப்புகிறார். “இரவில் போக்குவரத்து குறைவு, வெயில் கிடையாது, குழந்தைகள் தூங்கிவிடுவார்கள், விடியும்போது மேட்டுப்பாளையத்தில் இருப்போம், ஒரு நாள் லீவு மிச்சம், ஓட்டல் வாடகையும் மிச்சம்.” இவை அத்தனையும் நிஜம். வண்டியில் எல்லாரும் தூங்குகிறார்கள். காலை மூன்று மணிக்கு, இருபது மணி நேரமாக விழித்திருக்கும் ஒரே ஒரு மனிதர் ஐந்து உயிர்களைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார். மனித தேகம் தூக்கத்துக்கு மிகவும் ஏங்கும் நேரம் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து விடியும் வரையில் என்பது வைத்தியர்கள் அறிந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 28 மீட்டர் ஓடுகிறது. மூன்று விநாடி கண் அசந்தால் எண்பது மீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டியவர் யாருமில்லை. ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவதும், பாட்டை உரக்க வைப்பதும், காப்பி குடிப்பதும் தூக்கத்தோடு சிறிது நேரம் பேரம் பேசுவதற்குத்தான் உதவும்.

விமானம் ஓட்டுகிறவருடைய நிலைமை எப்படி? அவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எத்தனை மணி நேரம் கட்டாயமாக ஓய்வு கொள்ள வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. 2024 ஜனவரியில் வெளியான விதிகள் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. இரவு வேலைக்கும் கட்டுப்பாடு விதித்தன. அவற்றுக்குத் தக்கபடி ஆள் சேர்த்து வைத்துக்கொள்ளாத காரணத்தினால் 2025 டிசம்பரில் ஒரு பெரிய கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, பிரயாணிகள் நிலையங்களில் பெட்டி மேல் படுத்துக் கிடந்தார்கள். அவர்கள் பட்ட கோபம் நியாயமானதே. எனினும், களைத்தவன் ஓட்டக்கூடாது என்ற தத்துவத்தில் குற்றம் இல்லை. விமானி இருக்கட்டும், பஸ் டிரைவருக்கும் லாரி டிரைவருக்கும் நாளைக்கு எட்டு மணி வேலைதான் என்று 1961-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் அமுலில் இருக்கிறது என்பதை லாரி டிரைவர்களைக் கேட்க வேண்டும். ஆனாலும் ஏட்டிலாவது இருக்கிறது! குடும்பத்தை வைத்து ஓட்டும் தகப்பனாருக்கு ஏட்டிலும் இல்லை. அவருக்குச் சட்டம் செய்யக்கூடிய சபை வீட்டுக்குள்தான் இருக்கிறது.

ஆகையால் நம் அபிப்பிராயம் இது. தகப்பனாருக்குக் கிடைப்பது மூன்று நாள் லீவுதான், இரவோடு இரவாக ஓட்டினால்தான் கட்டுபடியாகும் என்றால், மோட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டு விமானத்தில் போங்கள். நாற்பதாயிரம் கைவசம் இல்லையென்றால் உதகையை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப் போட்டு, இந்த வருஷம் பக்கத்தில் உள்ள ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ பகலில் போய் வாருங்கள். ஒரு வாரம் லீவு கிடைக்குமானால் மோட்டாரே சிலாக்கியம். விடியற்காலை ஐந்து மணிக்கு, இரவு முழுவதும் தூங்கி எழுந்த டிரைவருடன் புறப்பட வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தரம் நிறுத்த வேண்டும். பாட்டி தண்ணீர் குடிக்க வேண்டும். மத்தியானம் சேலம் அல்லது பவானியில் தங்கிவிட வேண்டும். மாலையில் கூடுதுறையில் காற்று வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் மலை ஏறலாம். போகும்போது ஓர் இரவு, வரும்போது ஓர் இரவு, சாப்பாடு எல்லாமாக இன்னும் பத்தாயிரம் ஆகட்டும். அப்போதும் விமானச் செலவில் பாதிக்குக் குறைவுதான். இட்லியில் மிளகாய்ப் பொடி தடவி எடுத்துக்கொண்டால் இன்னும் குறையும். விமானத்தில் கைப்பையோடு ஊறுகாய் ஜாடியைக் கொண்டுபோகக்கூட அனுமதி கிடையாது!

பின் ஆசனத்தில் இருப்பவர்களும் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். டாடா கம்பெனியின் தலைவராயிருந்த சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் விபத்தில் இறந்தபோது, விலை உயர்ந்த வண்டியின் பின் ஆசனத்தில் பெல்ட் இல்லாமல்தான் அமர்ந்திருந்தார். குழந்தையை மடியில் வைத்து ஒரே பெல்ட்டுக்குள் தானும் சேர்ந்துகொள்ளும் தாய்மார்கள் அந்த வழக்கத்தை உடனே விட்டுவிட வேண்டும். மோதும்போது தாயின் பாரம் முழுவதும் குழந்தையின் மேல் வந்து விழும்.

மலைப் பாதையைப் பற்றியும் கொஞ்சம். சென்னை ஐக்கோர்ட்டின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு ஏற்பட்டது. 2025 கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எல்லையும் கட்டினார்கள். மலை எத்தனை வண்டியைத்தான் தாங்கும்? ஆகவே சீட்டு வாங்கிய பிறகே ஓட்டலுக்குப் பணம் கட்டுவது புத்திசாலித்தனம். விமானத்தில் வந்து வாடகை மோட்டார் அமர்த்துகிறவர்களும், வண்டிக்காரர் சீட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சமவெளியில் இருபது வருஷம் ஓட்டியவர்களுக்கும் மலையில் இறங்குவது புதுப் பாடம். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, வேண்டிய சமயத்தில் பிடிக்காது. அந்தப் பாடத்தைப் பாட்டியையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு படிக்க மனம் இல்லாதவர்கள், மேட்டுப்பாளையத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சர்க்கார் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். அந்த டிரைவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் தங்கள் வீட்டுத் திண்ணை மாதிரி.

போகும்போது இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவர்களும் திரும்பும்போது கோட்டை விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் தாவரத் தோட்டத்தில் சுற்றிவிட்டு, நாலு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு, “இப்போது கிளம்பினால் காலையில் காரியாலயத்துக்குப் போய்விடலாம்” என்று மலை இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! நாலு நாள் அலைச்சல் உடம்பில் இருக்கிறது, முன்னால் இருப்பது அதே 550 கிலோமீட்டர், அதே பின்னிரவு. புறப்படுவதற்கு முன்னால் எழுதும் லீவு விண்ணப்பத்திலேயே அந்தத் திங்கட்கிழமையையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். எழுதினாரா என்று வீட்டு அம்மாள் ஒரு தரம் வாங்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.